வாசலில் நின்றுவிட்ட நால்வர்

பங்க்ளி, பாலி

அன்பு மகள் சரினிக்கு,

ஓம் சுவஸ்தியஸ்து. நானும் அம்மாவும் ரத்மியும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஜப்பான் ஊரில் பனியில் இரண்டு தரம் வழுக்கி விழுந்தாயாமே, அறையில் தனியாகப் படுத்தால் பயத்தில் தூக்கமே வரவில்லையாமே. எட்டு மாதமாக இதை ஏன் மறைத்தாய் என்று திட்ட வாயெடுத்தேன், ஆனால் நான் மறைத்தது அதைவிடப் பெரிது.

நீ பிறந்த அன்று உன் நஞ்சுக்கொடியைத் தேங்காய் ஓட்டில் வைத்து, வாசலுக்கு இடப்பக்கம் நான்தான் புதைத்து, மேலே ஒரு கல் வைத்தேன். நஞ்சுக்கொடி, பனிக்குடநீர், இரத்தம், மேனியில் ஒட்டிவந்த வெண்மெழுகு என்று உன்னோடு உடன்பிறப்பாய்ப் பிறந்த நால்வரும் அந்தக் கல்லடியில் இருந்துதான் உன்னைக் காத்து வந்தார்கள், அம்மாவும் தினம் சோறு வடித்ததும் அவர்களுக்கு நாலு கவளம் வைத்து வருகிறாள். பிள்ளை தூரம் போகும்போது தகப்பன் அந்தக் கல்லருகே நின்று நீங்களும் கூடப் போங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும். நீ கிளம்பிய காலையில் நான் சொல்லவில்லை. வண்டி அவசரத்தில் மறந்துவிட்டது என்று அம்மாவிடம் புளுகினேன். மறக்கவில்லை மகளே. போகாதே என்றேன், நீ கேட்கவில்லை, போனால் திரும்பி வராதே என்று கத்தினேன். நால்வரையும் இங்கே நிறுத்திக்கொண்டால் அவர்கள் இல்லாமல் தவித்து ஓடி வந்துவிடுவாய் என்று ஒரு கோணல் புத்தி.

போன வாரம் உன் தங்கை ரத்மி பெரியவளானாள். சடங்குக்கு முன் மூன்று நாள் அறையில் உட்கார்த்தியிருந்தோம், அந்தச் சன்னல் கல்லுக்கு நேரே. இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, அப்பா, அக்காவோட நாலு பேரும் இன்னும் இங்கதான் இருக்காங்க, சின்னதுலேர்ந்து அவங்க சிரிப்பு எனக்குக் கேக்கும், இப்ப குரல் தேஞ்சுகிட்டே வருது, ஏன் போகலைன்னு கேட்டா, அப்பா சொல்லலையே, சொல்லாம எப்படிப் போறதுங்கறாங்க என்றாள். பூ கட்டிக்கொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்து, மறதி என்றது பொய் என்பதை என் முகத்திலேயே கண்டுபிடித்து, பெத்த பிள்ளையைத் தனியா அனுப்பிட்டு காவலை வீட்டுல கட்டி வச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுஷனா என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, காப்பியை மட்டும் ணங்கென்று வைக்கிறாள்.

நேற்றுக் காலை கல்லருகே நாலு கவளம் வைத்து, சரினி தனியா கஷ்டப்படுறா, என் தப்புதான், போய் அவகூட இருங்கப்பா என்று சொன்னேன். ரத்மி என் கையைப் பிடித்துக்கொண்டு, போறாங்க, சிரிச்சுகிட்டே போறாங்க என்றாள். பிறகு சட்டென்று, ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து, நாங்க வீட்டுக்குத் திரும்பி வரலாமான்னு கேக்கறான்பா என்றாள். வரலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அவன் காதில் விழுந்ததா என்று கேட்டால், தெரியலப்பா, எனக்கு இப்ப ஒண்ணுமே கேக்கல என்று அழுகிறாள். அம்மா பழக்கதோஷத்தில் இன்றும் நாலு கவளம் வைத்தாள், கோழி வந்து கொத்திப் போயிற்று.

ஆகையால் இனி நீதான் முதல் நாலு கவளத்தை எடுத்துச் சன்னல் ஓரம் வைக்க வேண்டும், மறந்துவிடாதே. அவர்கள் பனியே பார்த்ததில்லை, காக்க வைக்காமல் உள்ளே கூப்பிடு. காலுறை இரண்டாகப் போட்டுக்கொள். நன்றாகத் தூங்கினாயா என்று ஒரு வரி எழுது, அது வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. எந்தத் தீங்கும் அண்டாமல் நீடூழி இரு. திரும்பி வரலாமா என்று கேட்டவனிடம், அப்பா வரலாம் என்றார் என்று சொல். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

உன் அப்பா,
நியோமன் கெர்த்தா