ஒரே பெயர், வேறு சிப்

இன்று காலை கடையில் ஒரு ஸ்குரூ தேடிக் கீழ் டிராயரைக் கவிழ்த்தேன். நகத்தளவு வைஃபை டாங்கிள் ஒன்று உருண்டு வந்தது. அன்று நீ அள்ளிக்கொண்டு வந்தவற்றில் மிச்சமானது என்று பார்த்ததுமே தெரிந்தது. சும்மா தூக்கிப் போட்டிருக்கலாம். லேப்டாப்பில் செருகினேன். விளக்கு எரிந்தது, பிளாஸ்டிக் சூடேறும் அந்த வாசனை வந்தது, நெட் மட்டும் வரவில்லை. உன்மேல் வந்த கோபத்தில் மதியம் சாப்பாடு இறங்கவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் இப்படித்தான் இருக்கிறது.

செத்தவனை ஏசாதே என்கிறாள் என் மனைவி. அவளுக்கென்ன, அவள் உன்னோடு ஒரே கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவள் இல்லையே.

தி. நகரில் பழைய லேப்டாப் விற்கிற எல்லோரும் திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். நம் கடையில் மட்டும் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். அது உன் கொள்கை. கொள்கை உன்னுடையது, வாங்கிப் போனவர்களிடம் திட்டு வாங்கியது நான். "வைஃபை வரல சார்" என்று யாராவது திரும்பி வந்தால் நீ அவர்களுக்குப் பாடம் எடுப்பாய். வைஃபை கார்டு தயாரிக்கிற கம்பெனிக்காரன் அதை ஓட்டுகிற டிரைவர் மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் எழுதிவிட்டு லினக்ஸைக் கண்டுகொள்வதில்லை, அதற்கு நாங்கள் என்ன செய்வது என்பாய். டிரைவரை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்றும் சொல்வாய். நெட் வந்தால் அவர் ஏனய்யா உன்னிடம் வருகிறார்? இதைக் கேட்டதற்கு நீ என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் கார்டு பொறுக்குவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செருகியதும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் லினக்ஸில் ஓடுகிற கார்டு எது என்று தேடி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவைச் சல்லடையாகச் சலிப்பாய். உன் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டுதான் போவாய். சீல் பிரித்துச் செருகிப் பார்க்காமல் ஒரு டாங்கிளுக்கும் காசை எடுக்க மாட்டாய். உன் தலை தெரிந்தாலே அங்கே பாதிப் பேர் ஸ்டாக் இல்லை என்பார்கள். "பெட்டி மேல போட்டிருக்கற பேரப் பாக்காதடா, உள்ள என்ன சிப்புன்னு பாரு" என்று என்னிடம் ஓயாமல் சொல்வாய். போன மாதம் ஒரு சிப் வைத்த கம்பெனி, இந்த மாதம் அதே பெயரில், அதே பெட்டியில் வேறொன்றை வைத்திருக்கும். முதலாவது செருகியதும் ஓடும், இரண்டாவது என்ன செய்தாலும் அசையாது. இவ்வளவும் தெரிந்தவன் நீ.

அடையாறு ஆற்றோரக் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்தும் மல்லிகாவுக்கு யாரோ ஒரு புண்ணியவான் பழைய லேப்டாப்களைக் கொடுத்திருந்தார். சரிசெய்து தருகிறோம் என்று நீதான் ஒப்புக்கொண்டாய். உள்ளேயிருந்த வைஃபை கார்டுகள் லினக்ஸோடு ஒத்துப்போகவில்லை. ஆளுக்கொரு டாங்கிள் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. அன்று கடையில் கூட்டம், நான் நகர முடியவில்லை. நீ தனியாகத்தான் ரிச்சி தெருவுக்குப் போனாய். வெயிலோ, அவசரமோ, அட்டைப்பெட்டியில் மேலே இருந்த ஒன்றை மட்டும் செருகிப் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாய். மேலே இருந்தது பழைய சிப். கீழே இருந்ததெல்லாம் புதுசு.

அது யாருக்கும் நடக்கும். அதற்காக நான் இன்றுவரை உன்மேல் கோபப்பட்டதில்லை.

மறுநாள் இருவருமாக வகுப்புக்கு எடுத்துப் போனோம். கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் வரிசையாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றவர்கள் வாசல் வரை நின்றிருந்தார்கள். டாங்கிளைச் செருகினோம். ஒன்றைத் தவிர எதுவும் வேலை செய்யவில்லை.

"இன்னா சார், லைட்டு எரியுது, நெட்டு வர்ல. இன்னிக்கோட முடியுது சார், புள்ளைங்க ஒக்காந்துகினு கீது" என்றாள் மல்லிகா. அவள் உன்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நீ என் பக்கம் திரும்பினாய்.

"நான் அப்பவே சொன்னேனேடா, செக் பண்ணி வாங்குன்னு."

எவ்வளவு சுத்தமாகச் சொன்னாய். குரல்கூட நடுங்கவில்லை. ஒரு பெண்ணின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓசின்னா இப்டித்தான் குப்பைய கொண்டாந்து கொட்டுவானுங்க" என்றாள். அந்தப் பிள்ளைகள் முன்னால் உன்னைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் போனைக் கேபிளில் மாட்டி, ஒவ்வொரு லேப்டாப்பாக நெட் கொடுத்து, சாயங்காலத்துக்குள் எல்லோரையும் பதிய வைத்தேன். நீ மூலையில் நின்று டாங்கிள்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது வண்டியில் சொல்வாய் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறுநாள் கடை திறந்ததும் சொல்வாய் என்று நினைத்தேன். நீ டீ சொன்னாய். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாய், அதைக் குடிக்கவும் செய்தேன். அப்புறம் மாதக்கணக்கில் முதுகோடு முதுகு உட்கார்ந்து வேலை பார்த்தோம். நானாக ஏன் கேட்க வேண்டும்? கேட்டு வாங்குகிற பொருளா அது? ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எங்கோ போகிறாய் என்று தெரியும், எங்கே என்று கேட்கவில்லை. அதற்குள் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் அசோக் நகரிலிருந்து மயிலாப்பூரில் உன் வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உன் காரியத்துக்கு மல்லிகா வந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெயம ஆனா வந்துடுவாரு சார். ஒவ்வொரு மிசினா தொறந்து, உள்ள கார்டு மாத்திகினு இருப்பாரு. இப்ப எல்லாத்துலயும் நெட்டு சும்மா ஜம்முனு வருது. ஒரு நாளு அவரே சொன்னாரு, 'வாங்குனது நான்தான்மா, பழிய அவன் மேல போட்டுட்டேன், அவன் மூஞ்சியப் பாத்து சொல்ல முடியல'ன்னு. கண்ணு கலங்கிட்டாரு. நீங்க மன்சுல வச்சிக்காதீங்க சார்."

எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். பாவம், தலையாட்டினேன். ஆனால் எனக்குக் கோபம் அப்போதுதான் உண்மையில் பற்றிக்கொண்டது. நீ உன் தப்பை உணரவே இல்லை என்று நினைத்திருந்தவரை ஒரு முட்டாளோடு கூட்டு வைத்திருந்தேன் என்று விட்டிருந்தேன். உணர்ந்திருக்கிறாய். அழுதுமிருக்கிறாய். அதை அடையாற்றங்கரைக்குப் போய், என்னைக் குப்பைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாய். நான் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தானே இருந்தேன். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே, அதைத்தானே தினமும் காட்டிக்கொண்டிருந்தேன். ஆள் மூலம் வந்த மன்னிப்பை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. தெரிந்துகொள்.

கடையை நான்தான் நடத்துகிறேன். லினக்ஸ்தான் போட்டுக் கொடுக்கிறேன், உனக்காக இல்லை, பழகிவிட்டது. போன வாரம் கோபாலபுரத்திலிருந்து ஒருவர் சண்டைக்கென்றே வந்தார். நான் கொடுத்த சார்ஜர் அவர் லேப்டாப்புக்குச் சேரவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள், "என் தப்புதான் சார்" என்றேன். வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மனுஷன் சிரித்துவிட்டார். இப்போதெல்லாம் இப்படி ஆகிவிட்டேன். என் தப்பே இல்லாததற்கும் சில நேரம் வாய் முந்திக்கொள்கிறது, மனைவி திட்டுகிறாள். உன்னோடு இருந்ததில் எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். 'என் தப்பு' என்று இத்தனை பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதைச் சொல்ல ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லையேடா, பாவி.