மாமாவின் இடது கணுக்கால்

கம்பம்,
18.9.2005

அன்பு மகன் பாண்டியராஜனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். மஸ்கட்டில் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்பில் இதைத் தொடங்குகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் மாத்திரையைத் தினமும் நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மார்க்கையன்கோட்டை வயலில் நெல் பால் பிடித்து நிற்கிறது, மயில் வராமல் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறேன். போன வாரம் போனில் மாமா விஷயம் என்ன ஆயிற்று என்று நீ கேட்கும்போதே லைன் அறுந்துவிட்டது. அது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. பேப்பருக்கு எழுதிய காலமெல்லாம் முடிவை முதல் வரியிலேயே சொல்லிப் பழகியவன் நான், இந்த ஒரு தடவை அதைக் கடைசிக்கு வைக்கிறேன், பொறுமையாகப் படி.

உன் மாமா கருத்தக்கண்ணனுக்குப் பட்டாளத்தில் கால் உடைந்தது உனக்குத் தெரியும், எப்படி என்று தெரியுமோ என்னவோ. மலைமேல் முகாமில் லாரியிலிருந்து மண்ணெண்ணெய்ப் பீப்பாய் இறக்கும்போது ஒன்று சரிவில் உருண்டு வந்து இடது கணுக்காலில் ஏறிவிட்டது. எலும்பு கூடியது, மூட்டு கூடவில்லை. ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு முன்னால் நிறுத்தினார்கள், அங்கேதான் இவர் ஒரு காரியம் செய்தார். பாலிஷ் போட்ட பூட்ஸுக்குள் கட்டுத்துணியை இறுக்கிச் சுற்றி, கயிற்றை மேல்வரை இழுத்துக் கட்டி, நடக்கச் சொன்னதும் அணிவகுப்பு மாதிரி நடந்து, நில் என்றதும் குதிகால் இரண்டையும் சேர்த்துத் தட்டி சல்யூட் அடித்திருக்கிறார். அதிகாரி முன்னால் நொண்டி நிற்பதா என்ற எண்ணம். ஊனம் குறைந்தபட்ச அளவுக்குக்கூட இல்லை என்று எழுதிவிட்டார்கள், ஊனத்துக்கான பென்ஷன் இல்லை என்று ஆகிவிட்டது. கண்ணால் பார்த்ததைத்தானே அவர்கள் எழுத முடியும். மாமாவும் அதைப் பெருமையாகவே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை ஓட்டப் போய்விட்டார்.

இடது கால்தான் கிளட்ச் மிதிக்கிற கால். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஒரு வளைவில் கால் மரத்துப்போய் ஜீப் கொஞ்சம் பின்னால் சரிந்திருக்கிறது. சக்கரத்துக்குக் கல்லை அணைத்து, பெண்களை எல்லாம் இறக்கி வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, யாருக்கும் ஒரு கீறல் இல்லாதபோதும், மறுநாள் காலையில் ஓனரிடம் சாவியைக் கொடுத்தவர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, இவராகவே விட்டார். ஜீப் வருமானம் நின்று, கடைசியில் திராட்சைத் தோட்டத்தை விற்க விலை பேசும் நிலை வந்தது. அப்போதுதான் அத்தை பாண்டியம்மாள் பிடிவாதம் பிடித்து அப்பீல் போட வைத்தாள். மறுபடியும் போர்டு முன்னால் வரச் சொல்லிச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. இதில் தோற்றால் தோட்டம் கைவிட்டுப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கொஞ்சம் கூடுதலாக நொண்டிக் காட்டச் சொல்லுங்கள் என்று நீ போனில் சொன்னதை மாமாவிடம் அப்படியே சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “மருமகன்ட்ட சொல்லுங்க மச்சான், வலிக்கிற காலை வலிக்காத மாதிரி காட்டுனது என் தப்பு. அதுக்காக இப்ப வலியைக் கூட்டிக் காட்டுனா அதுவும் தப்புத்தானே” என்றார். உன் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை, இவன் நேர்மையை உலையில் போட்டால் வேகுமா என்று தம்பியைப் பிடித்துக் கத்தினாள். அத்தை மட்டும் அமைதியாக ஒன்று சொன்னாள். “நடிக்கச் சொல்லலைங்க. பூட்ஸைக் கழட்டிட்டுப் போங்க. வீட்ல எப்படி நடக்கிறீகளோ அப்படி நடங்க.” அதற்குத்தான் மாமாவின் முகம் மாறியது. பூட்ஸ் இல்லாமல் தெருவில்கூட இறங்காத மனுஷன். பட்டாளத்துக்காரன் வெறுங்காலோடு ஆபீசர் முன்னால் போய் நிற்பதா என்று முணுமுணுத்தவர், சென்னை பஸ்ஸில் துணைக்குப் போன என்னையும் அத்தையையும் விட்டுத் தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் பூட்ஸோடுதான் உட்கார்ந்திருந்தார். பேர் கூப்பிட்டதும் அத்தை குனிந்து கயிற்றில் கை வைத்தாள், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். அப்போது அவரே குனிந்து அவிழ்த்தார், கட்டுத்துணியையும் சுற்றி எடுத்து அத்தையின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது நான் கேட்டேன், பார்த்தாக, நடக்கச் சொன்னாக, நடந்தேன், அவ்வளவுதான் என்றார். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதினால் பாதிதான் வரும் என்பது என் அனுபவம். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் அத்தை மீதியைச் சொன்னாள், அறைக்கதவு முழுதாகச் சாத்தாமல் இருந்ததால் அவள் நின்ற இடத்திலிருந்து உள்ளே தெரிந்திருக்கிறது. மாமா நடந்திருக்கிறார், பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போயிருக்கிறது. நில் என்றதும் பழக்கத்தில் குதிகால்கள் சேர்ந்திருக்கின்றன, பிடிமானத்துக்குப் பூட்ஸ் இல்லை, ஒரு முழங்காலில் விழுந்துவிட்டார். தூக்க வந்தவர்களின் கையைப் பிடிக்காமல் தரையில் ஊன்றி எழுந்து நின்றே சல்யூட் அடித்திருக்கிறார். ஏற்றத்தில் முடியாது, சமதரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் சொன்னவர், யாரும் கேட்காமலே, வயல் சேற்றில் வலியே இல்லை சார் என்று சேர்த்துச் சொன்னாராம். தலையில் அடித்துக்கொண்டேன் அண்ணே என்றாள் அத்தை. போன தடவை நன்றாக நடந்தாயே என்று டாக்டர் கேட்டதற்கு, அது பூட்ஸ் சார் என்றிருக்கிறார். இப்போது ஏன் கழற்றினாய் என்றதற்கு, என் சம்சாரம் கழட்டச் சொன்னா சார் என்றதும் உள்ளே இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். இதை அத்தை சொல்லும்போது மாமா டீ கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வீரர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், கூடுதலாக ஒரு வார்த்தைகூடத் தனக்காகச் சொல்லாத இந்த ஆளை இத்தனை நாள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. ஆயுள் முழுவதற்கும் பென்ஷன் உண்டு. திராட்சைத் தோட்டம் விற்கவில்லை, விலை பேசியவரிடம் அத்தையே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் மாமா சாதாரண ரப்பர் செருப்போடு நம் வீட்டுக்கு வந்தார், மெயின் ரோடு முழுக்க நொண்டிக்கொண்டே. ஜீப் ஸ்டாண்டில் பையன்கள் விடுவார்களா, என்ன மாமா, பென்ஷன் சாங்ஷன் ஆனதும் நொண்டக் கத்துக்கிட்டீகளா என்று கேட்டிருக்கிறார்கள். மாமா நின்று சொன்ன பதிலை அவர்களே எனக்கும் சொன்னார்கள். “ஏலே, இத்தனை வருஷமா நடிச்சேன். இப்பத்தான் நிப்பாட்டியிருக்கேன்.”

உனக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். கவுமாரியம்மன் துணையில் நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கால் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிடு. ஒன்று மறக்காதே, மாமாவுக்கு வாங்கி வருவதாகச் சொன்ன பூட்ஸ் வேண்டாம். மெத்தென்ற செருப்பாகப் பார்த்து வாங்கு. இடது கால் சாயங்காலத்தில் வீங்கும், ஒரு அளவு பெரிதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
பேச்சிமுத்து