சாயம் போட்ட வெள்ளைச் சப்பாத்து

அம்மா,

ஹட்டனில் என் வீட்டுச் சமையலறை முழுக்க இன்று சாய நெடி. உன் பேத்தி தன் கான்வஸ் சப்பாத்துக்குப் புது நிறம் ஏற்றுகிறாள். கொதிநீரில் சாயப் பொடி, ஒரு கை உப்பு. போனைப் பார்த்துப் பார்த்துக் கிண்டுகிறாள். எதற்கடி என்றேன். "சும்மாதாம்மா, வெள்ள அலுத்துப் போச்சு" என்கிறாள். சும்மா யாராவது சப்பாத்துக்குச் சாயம் போடுவார்களா? அவளுக்குத் தெரியாமல் பையைத் திறந்து, துணிமணி எதுவும் அடுக்கியிருக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் இந்தச் சந்தேகப் புத்தி என்னை விடவில்லை. உன்னால் வந்ததுதானே.

நான் சின்னப் பிள்ளை. அப்பா விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்த நேரம். கினிகத்தேனையிலிருந்து ஒரு பெண் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தாள். கொழும்பு வீடுகளில் பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்துவிடுகிறவள். அவள் உன் காதில் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் கேட்டது. "வெள்ளச் சப்பாத்தோட வந்தா, பள்ளிக்கூடத்துப் புள்ளதானேன்னு ரயில்ல யாராச்சும் கேப்பாங்க."

அன்று மாலை தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பில் சட்டியை வைத்தாய். என் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கறுப்புச் சாயத்தில் போட்டு அமுக்கினாய்.

"அழுக்குத் தெரியாது புள்ள" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல்.

"என்னக் கொழும்புக்கு அனுப்பப் போறியா?"

"ஒனக்கு எப்பப் பாத்தாலும் சந்தேகந்தான்!" என்று எரிந்து விழுந்தாய். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. அடுப்புக்கு மேலே காயக் கட்டிய சப்பாத்தில் கறுப்பும் சரியாகப் பிடிக்கவில்லை. கத்தரிக்காய் நிறத்தில் தொங்கியது.

காய்ந்ததும் ஒரு காலையில் எனக்கு நல்ல கவுனைப் போட்டுவிட்டு, துணிப்பையோடு றொசல்ல ரயில் ஸ்டேசன் பக்கம் கூட்டிக்கொண்டு இறங்கினாய். வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாயம் கரைந்து என் கால் முழுக்க ஒழுகியது. குந்தி உட்கார்ந்து முந்தானையால் துடைத்தாய். சாயம் போகவில்லை. உன் விரல்களிலும் அதே நிறம். என் காலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாய். பிறகு, "வா" என்று பள்ளிக்கூடப் பாதையில் திரும்பினாய்.

அதையும் நான் நம்பவில்லை. பள்ளிக்கூடப் பதிவில் என் பேரை வெட்டிவிட்டு வரத்தான் போகிறோம் என்று நினைத்தேன்.

கேட்டில் டீச்சர் என் காலைப் பார்த்து முகம் சுளித்தார். "புள்ள மேல தப்பு இல்லீங்க டீச்சர். நாந்தான் சாயம் போட்டேன். உள்ள விடுங்க" என்றாய்.

வகுப்பு ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்தேன். நீ போகவில்லை. மழையில் கேட்டுக்கு வெளியே நின்றாய். மனசு மாறி, என்னைத் திரும்பக் கூட்டிப்போகத்தான் நிற்கிறாய் என்று பயந்து செத்தேன். அப்போதுதான் ஸ்டேசனில் காத்திருந்த அந்தக் கினிகத்தேனைப் பெண் குடையோடு மேடேறி வந்தாள். நீ எங்கள் பக்கம் முதுகைக் காட்டி, கேட்டை மறித்துக்கொண்டு நின்றாய்.

"எம் புள்ள வரமாட்டா!" நீ போட்ட சத்தம் வகுப்பு வரைக்கும் கேட்டது.

அனுப்பப் புறப்பட்டாயே என்ற கோபம் இன்னும் இருக்கிறது அம்மா. மறைக்க மாட்டேன். ஆனால் ஒருவரையும் லேசில் நம்பாத நான், மழையில் நனைந்துகொண்டு நின்ற உன் முதுகை மட்டும் நம்புகிறேன்.