நானே கோடு போட்டு அடித்த விலை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் அம்மாவும் நலம்தானே? தைக்க உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க இன்னும் அம்மாவைத்தான் கூப்பிடுகிறீர்களா?

அதைக் கேட்கவே கூசுகிறது. சம்பளம் வரவில்லை, அதனால்தான் உங்கள் புதுக் கண்ணாடிக்குப் பணம் அனுப்பவில்லை என்று போனில் சொன்னது பொய். அந்தப் பணத்தில் குளிருக்கு எனக்கு ஒரு கோட்டு வாங்கிவிட்டேன்.

துணிக்கடையில் விலைச்சீட்டு எழுதுவதுதானே என் வேலை. ஆறாயிரம் என்று எழுதி, சிவப்பு மையால் அடித்துவிட்டு, கீழே மூவாயிரம் என்று எழுதுவேன். எந்தக் கோட்டும் ஒருநாளும் ஆறாயிரத்துக்கு விற்றதில்லை. ஆனாலும் அடித்த எண்ணைப் பார்த்த மனம் மூவாயிரத்தைச் செலவாக அல்ல, லாபமாகவே கணக்குப் போடும். இதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தவள் நான்.

பில் போடும் அக்கா சிரித்துவிட்டார்.

"என்னடி, உன் கையெழுத்துக்கு நீயே மயங்கிட்டியா?"

"பாதி விலைதானேக்கா!" என்றேன், அவரிடமே.

கோட்டு தோளில் பிடிக்கிறது. எந்தத் தையலைப் பிரித்தால் தளரும் என்று ஒரு படம் போட்டு அனுப்புங்கள். இங்கே இதையெல்லாம் கேட்க ஆளில்லை. அதுவரை போட்டுக்கொள்ள, பீரோவில் இருக்கும் என் பழைய ஸ்வெட்டரும் வேண்டும்.

கண்ணாடிப் பணம் அடுத்த சம்பளத்தில் நிச்சயம் வரும். கடை திறக்கப்போகிறது, ஓட வேண்டும். இதை மட்டும் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள், அப்பா. பழைய கண்ணாடியிலேயே உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் விலைச்சீட்டு மாதிரி பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள்