உண்டியலில் ஒரு வெள்ளிப் பல்

திருத்தணி
3-9-1945

அன்புள்ள பாவாவுக்கு, உங்கள் மனைவி கன்னியம்மாள் வணங்கி எழுதுவது.

நானும் அத்தையும் சௌக்கியம். பல்வலியில் உங்கள் கன்னம் வீங்கிக் கிடக்கிறதென்று, அங்கே உங்களோடு தங்கியிருக்கும் ஆறுமுகம் அண்ணன் ஊருக்கு வந்தபோது சொன்னார். நாலு நாளாகக் கஞ்சிதானாமே! எனக்கு ஒரு வரி எழுத முடியவில்லையா? உடனே பல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆடிக் கிருத்திகையில் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு மலையேறியவருக்குக் குறடு ஒரு பெரிசா?

கன்னியம்மாள்

சென்னை
7-9-1945

கன்னிக்கு,

கேலி செய்யாதே. வேல் குத்தும்போது பம்பை இருந்தது, அரோகரா இருந்தது, பக்கத்தில் நீ இருந்தாய். இங்கே யார்? ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு முறை போனேன். உள்ளே ஒருத்தன், "ஐயோ வாணாம் சாமி, உட்டுடு"ன்னு கத்திகினு இருந்தான். என் கால் தானாகத் திரும்பிவிட்டது. இருபத்துமூன்று வயசு ஆம்பிளை! அச்சாபீசில் தெரிந்தால் சிரிப்பார்கள். நீ வெள்ளியில் ஒரு பல் உரு வாங்கி, மலைமேல் உண்டியலில் போடு. முருகன் பார்த்துக்கொள்வான்.

தேசப்பன்

திருத்தணி
12-9-1945

பாவாவுக்கு,

நேற்று செவ்வாய்க்கிழமை. படியேறி உருவைப் போட்டுவிட்டேன். சாமிக்குச் செய்வது செய்தாயிற்று, இனி டாக்டரிடம் போங்கள். போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே ரயிலேறி வந்து, கையைப் பிடித்து இழுத்துப்போவேன். மூட்டைகூடக் கட்டிவிட்டேன்.

கன்னி

சென்னை
14-9-1945

கன்னி,

நீ உரு போட்ட அன்று சாயங்காலமே வலி போன இடம் தெரியவில்லை! வீக்கமும் வற்றிவிட்டது. இன்று மூன்று தோசை தின்றேன். நீ வராதே, ரயிலில் கூட்டம் தாங்காது. தீபாவளிக்கு நானே வருகிறேன்.

தேசப்பன்

திருத்தணி
9-10-1945

பாவா,

இதைத் தபாலில் போட விலாசம் இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உங்கள் பெட்டியை ஆறுமுகம் அண்ணன் நேற்று கொண்டுவந்தார். "மூணு தோச தின்னேன்னு அந்த லெட்டரு எழுதும்போது அவனால வாயே தொறக்க முடியலமா. பல்லுல கிராம்ப அடக்கிகினு, தலையோட துணியக் கட்டிகினு எழுதுனான். 'அவ முன்னால நான் கத்திட்டா, அப்புறம் எப்படி அவ மூஞ்சில முழிக்கிறது'ன்னான்" என்று சொல்லி அழுதார். சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சடைத்த பிறகுதான் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்.

நான் உங்கள் கடிதத்தை நம்பி மறுபடியும் படியேறித் தேங்காய் உடைத்தேன். தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். கட்டிய மூட்டையை இந்தக் கையாலேயே அவிழ்த்தேன். பாவி நான்.

எனக்குத் தெரியாத பயமா பாவா? வேல் ஏறும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, நாலு நகமும் பதிய அழுத்தினீர்களே. ஊர் உங்கள் கன்னத்தைப் பார்த்தது. நான் வளையலை இறக்கிவிட்டு நகக்குறியை மூடிக்கொண்டேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நீங்கள் கத்தியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நாளைக்குப் பத்தாம் நாள். வளையலை உடைக்க வருவார்கள். இன்று அதை ஒதுக்கிவிட்டுத் தேடிப் பார்த்தேன். உங்கள் நகக்குறி ஒன்றுகூட மிச்சமில்லை.

கன்னி