உதிர்ந்த மாவில் இரண்டு ஸ்பூன் பால்

டிச. 8, திங்கள்
விடியலிலிருந்து தூறல். ரயில் பதினைந்து நிமிடம் தாமதம். மதுராந்தகம் ஆபீசில் நனைந்த புடவையோடு மத்தியானம் வரை.

சாயங்காலம் பிசியோ பெண் திவ்யா வந்தாள். சார்லஸுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். கால் பரவாயில்லை. வலது கைதான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. பிசைந்து பழக அவள் கொடுத்த ரப்பர் களிமண்ணை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார் மனுஷன்.

"பதினெட்டு வருசம் காலேஜ் பஸ்சு ஓட்டுனவன் நானு. களிமண்ணு பெசஞ்சிகினு கெடக்கணுமா?"

திவ்யா கோபப்படவில்லை. "அப்ப மாவு பிசைங்க அங்கிள். சப்பாத்தி, பிஸ்கட், எதுன்னாலும் சரி. பிசையறது, கட்டையால தேய்க்கிறது, அச்சு வச்சு அழுத்துறது எல்லாமே கைக்கு நல்லது."

பிஸ்கட் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

வாங்க: மைதா, வெண்ணெய், பினாயில், அவர் பிரஷர் மாத்திரை.

டிச. 10, புதன்
வெயில். துணி காய்ந்தது.

சார்லஸ் என் ஆபீசுக்குப் போன் செய்தார். 21ஆம் தேதி ஞாயிறு அந்தோணியையும் இன்னும் இரண்டு டிரைவர்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பொத்தேரி காலேஜில் ஒன்றாக வண்டி ஓட்டியவர்கள். அந்தோணி இரண்டு தடவை வாசல் வரை வந்தபோதும் "தூங்குறார்னு சொல்லு" என்று என்னைப் பொய் சொல்ல வைத்தவர் இவர்.

"கேக் கடையில வாங்கிடலாமா?"

"வாணாம் மேரி. பிஸ்கட்டு நானே சுடுறேன்."

டிச. 14, ஞாயிறு
கோயில் முடிந்து பத்தரைக்கு வீடு. கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் அச்சு மூன்று வாங்கினேன்: மீன், நட்சத்திரம், மணி.

அளவெல்லாம் மொபைல் வீடியோ பார்த்து எழுதிவைத்திருக்கிறார், இடது கையால், கோணல் எழுத்தில். மைதா இரண்டு டம்ளர், வெண்ணெய், பொடித்த சர்க்கரை, முட்டை மஞ்சள் கரு ஒன்று. முக்கால் மணி நேரம் பிசைந்தார். மாவு சேரவே இல்லை. பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கிறது, கட்டை பட்டதும் மணலாக உதிர்கிறது. நெற்றியெல்லாம் வியர்வை. நான் கிட்டே போனேன். "தொடாத" என்றார். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன் என்று போனார்.

ஒரு கையால் குளிக்க இருபது நிமிடம் ஆகும்.

இரண்டு ஸ்பூன் பால் விட்டு, உள்ளங்கையால் அழுத்திச் சேர்த்து, பழையபடி மூடி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

வந்து தேய்த்தார். பூரி போல வழுவழுவென்று வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெங்களூரில் இருக்கும் மகள் ஜெனிக்கு உடனே வீடியோ கால். "பாரும்மா, அப்பாவே பெசஞ்சேன். கை வந்துடுச்சி." நான் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

குக்கரில் உப்பு பரப்பிச் சுட்டது. கருகியது போகப் பதினொன்றுதான் தேறியது. எனக்குக் கொடுத்ததைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

டிச. 16, செவ்வாய்
பனி. தண்டவாளமே தெரியவில்லை.

சாயங்காலம் வந்தால் வீட்டில் விளக்கு போடவில்லை. சிங்கில் மாவு கொட்டிக் கிடக்கிறது. பகலில் தனியாகச் செய்து பார்த்திருக்கிறார். அதே அளவு, அதே டம்ளர். ஆனால் உதிர்ந்துவிட்டது.

"அன்னிக்கு வந்துச்சி. இன்னிக்கு வரல. கை பின்னாடி போவுது மேரி. திவ்யாவ வர வேணான்னு சொல்லிடு. அந்தோணிக்கும் போன் போடு."

தோசை வார்த்தேன். அவர் தட்டில் கை வைக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"கை பின்னாடி போகலங்க. ஞாயித்துக்கிழமை நீங்க குளிக்கப் போனப்ப நான்தான் பால் விட்டுப் பிசைஞ்சேன்."

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஜெனிகிட்ட நானே பெசஞ்சேன்னு சொன்னேனே. நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்தே?"

"ஆமா."

எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

டிச. 17, புதன்
பேசவில்லை. மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆபீசில் இரண்டு பேரேட்டில் தப்புப் பதிவு செய்து திட்டு வாங்கினேன்.

டிச. 18, வியாழன்
பேசவில்லை. அந்தோணிக்கு நான் போன் செய்யவும் இல்லை.

ரயிலுக்குக் கிளம்பி செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல்.

"எத்தினி ஸ்பூனு?"

"ரெண்டு."

"எந்த ஸ்பூனு?"

"டீ ஸ்பூன்."

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

டிச. 20, சனி
லீவு. நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தொடக் கூடாது என்று உத்தரவு. பார்க்கலாமாம்.

பார்த்ததில்தான் புரிந்தது. வலது கையால் மாவை மட்டம் தட்ட முடியாததால் டம்ளரையே மேசையில் டொக்கு டொக்கென்று குத்துகிறார். மாவு அமுங்க அமுங்க மேலே போடுகிறார். டம்ளருக்கு ஒரு பிடி கூடுதல்!

"ஏங்க, கையில ஒண்ணும் தப்பில்ல. மாவு அதிகமா விழுது."

முறைத்தார். அப்புறம் டம்ளரைப் பார்த்தார். "இன்னாடி இது... இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்கதான் தொடாதன்னீங்களே."

"தொடாதன்னு சொன்னேன், பேசாதன்னா சொன்னேன்?" நான்கு நாளைக்குப் பிறகு சிரிப்பு.

எழுதி வைக்க:
மைதா ஸ்பூனால் அள்ளி லேசாகப் போட வேண்டும், குத்தக் கூடாது.
வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் போடாமல் விரல் பதியும் வரை வெளியே.
அப்படியும் உதிர்ந்தால் பால், ஒவ்வொரு டீ ஸ்பூனாக. ஒன்று விட்டு, அழுத்திச் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அதிகமானால் பிஸ்கட் கல்லாகிவிடும்.
ஈரத்துணி மூடி அரை மணி.
பால் கவரைப் பிரித்துக் கழுவி, இரண்டு கவருக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் ஓரம் வெடிப்பதில்லை.

இன்று ஒரே ஒரு ஸ்பூன் பால்தான் தேவைப்பட்டது. அவரே விட்டார். பாதி மேசையில் சிந்தியது. நான் துடைக்கவில்லை.

நாற்பத்து மூன்று. மீன்களில் நான்குக்கு வால் இல்லை. ஜெனியைக் கூப்பிட்டு முதலில் அந்த ஞாயிறு நடந்ததைச் சொன்னார். பிறகுதான் பிஸ்கட்டைக் காட்டினார்.

டிச. 21, ஞாயிறு
வெயிலும் காற்றும். நான்கு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். அந்தோணி மகாபலிபுரம் போய் மீன் வாங்கிக்கொண்டு நேரே இங்கே. மீன் பையோடு வாசலிலேயே நின்றார்.

"இன்னா அண்ணாத்த, எளச்சிட்டே?"

"உள்ள வாடா. மொதல்ல உக்காரு."

டீயை நான் கொண்டுபோனேன். பிஸ்கட் தட்டை அவர் எடுத்தார், வலது கையால். தட்டு ஆடியது. எழுந்து பிடிக்கப்போன அந்தோணி என் முகத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சமையலறையிலிருந்து ஹாலுக்கு ஒன்பது அடி இருக்குமா?

ஒரு மீன் பிஸ்கட் மட்டும் கீழே விழுந்தது. அந்தோணி எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார்.

"மொறுமொறுன்னு கீது. யாரு செஞ்சது, அண்ணியா?"

"அவ இல்ல," என்றார். "நானு."