மூன்று புள்ளிகளைத் தொடாதீர்கள்

ஜூன் 9, திங்கள்
அம்மா இறந்துபோனதிலிருந்து அப்பா எதையும் கேட்டதில்லை. இன்று கேட்டார். "சாரா, அம்மா வாட்ஸ்அப்புல எனக்குப் பேசி அனுப்புனதெல்லாம் இந்தப் போனுக்குள்ளதானே இருக்கு? நானே போட்டுக் கேக்கணும்." அம்மாவுக்கு டைப் அடிக்கப் பிடிக்காது, அப்பாவுக்கு எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவாள்; அவர் யாரிடமாவது கொடுத்துத்தான் போட்டுக் கேட்பார்.

சிறுசேரியில் சாஃப்ட்வேருக்கு யூசர் கைடு எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். வீட்டில் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்குப் போனைச் சொல்லித்தர முடியவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் வாத்தியாரே மக்கு.

ஜூன் 10, செவ்வாய்
அவருக்கென்றே ஒரு கைடு எழுதினேன். எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது — இரண்டு பக்கம். 'மேலே மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொடாதீர்கள்' என்று சிவப்பில். படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டார். "இவ்ளோ இருந்தா பயமா இருக்கும்மா. எதையாவது அமுக்கிட்டேன்னா?"

ஜூன் 11, புதன்
என் டீம் லீட் ஸ்ரீவித்யாவும் இன்று அதையேதான் சொன்னாள், ஆபீஸ் கைடு ஒன்றைப் பற்றி. "புதுசா வர்றவங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்லு. இல்லாத பயத்தைக் காட்டாத."

நியாயம்தான். வீட்டுக்கு வந்து அப்பாவுடையதையும் வெட்டினேன். இப்போது அரைப் பக்கம். சிவப்பு வரி போயிற்று.

ஜூன் 15, ஞாயிறு
சர்ச்சிலிருந்து வந்ததும் அப்பா தானாகவே போட்டுக் கேட்டார். கூடத்தில் அம்மா குரல். நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். அதைக் கேட்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆனாலும் சந்தோஷம்.

ஜூன் 24, செவ்வாய்
தினமும் மாலையில் கேட்கிறார். ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

ஜூலை 3, வியாழன்
போச்சு. எல்லாம் போச்சு.

ஜூலை 4, வெள்ளி
நேற்று எழுத முடியவில்லை. கேட்டு முடித்ததும் அப்பா அந்த மூன்று புள்ளிகளைத் தொட்டிருக்கிறார். நேற்றுதான் அது கண்ணில் பட்டதாம். உள்ளே எல்லாவற்றையும் அழிப்பதற்கு ஒன்று இருந்தது, அதை அமுக்கியிருக்கிறார். நிச்சயமா என்று போன் கேட்டதற்கும் ஆமாம். வேலை பார்த்த காலமெல்லாம் போர்டை அழிக்காமல் வகுப்பை விட்டு வெளியே வராத மனுஷன்.

"பாடம் முடிஞ்சா அழிச்சிடணும்ல. போர்டுல அழிச்சாலும் நோட்டுல இருக்கும்னு நெனச்சேன்மா."

பேக்கப் இல்லை. அம்மாவின் போனை என் தம்பி எபி முன்பே முழுக்க அழித்துப் புதிதாக்கி எடுத்துப்போய்விட்டான். மேற்குத் தாம்பரத்தில் கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

அந்த ஒரு வரியை ஏன்டி சாரா எடுத்தே? எடுக்காம விட்டிருந்தா பயந்துபோய் ஒரு நாள்கூடக் கேட்டிருக்க மாட்டாரோ? தெரியல. ஒண்ணும் தெரியல.

ஜூலை 10, வியாழன்
அப்பா போனைத் தொடுவதில்லை. தட்டில் சோறு அப்படியே இருக்கிறது.

ஜூலை 12, சனி
"பேசி அனுப்புறது எப்படின்னு எழுதிக் குடு" என்றார். எதுக்குப்பா என்றேன். பேப்பரையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். மூன்று புள்ளிகளைத்தான் முதலில் எழுதினேன். தொடாதீர்கள் என்பதோடு நிறுத்தவில்லை, தொட்டால் என்ன ஆகும், அழித்தது ஏன் வேறெங்கும் இருக்காது என்பதையும் எழுதினேன். அப்பா நிதானமாகப் படித்தார். "இதைத்தான் சொல்லியிருக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 18, வெள்ளி
ஆபீஸ் பஸ் நாவலூர் தாண்டும்போது அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. காதில் வைத்தேன்.

"ஏங்க, பல்லாவரம் சந்தையில ரொம்ப நேரம் நிக்காதீங்க, வெயிலு. இன்னைக்குத் தண்ணி வரலை, வந்து மோட்டாரைப் பாருங்க."

அப்பாதான். அம்மா பேசியதைச் சொல்கிறார். கேட்டுக் கேட்டு மனப்பாடமானதை, மறப்பதற்குள் என் போனில் போட்டுவைக்கிறார். நடுவில் நிறுத்தி, "இங்க அம்மா இருமுவா" என்றார். மறுபடி தொடர்ந்தார். பிறகு கடைசி வரியையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"அடுத்தது வர மாட்டேங்குது சாரா. நீ கேட்டிருப்பியே, உனக்கு ஞாபகம் இருந்தா சொல்லு."

நான் கேட்டதே இல்லை.